வெளியே கொடுப்பதா, நாமே செய்வதா: 787-உம் 777எக்ஸும்

புதிய ஆர்டருக்கு மில்லிங் (உலோகத்தைச் சீவி வடிவாக்கும்) வேலையை ஜாப் ஒர்க்குக்குக் கொடுப்பதா, மெஷின் வாங்கி நாமே செய்வதா என்று எங்கள் பட்டறையில் பேச்சு வந்தது. மெஷின் வாங்கினோம். அந்தச் சமயத்தில் நான் விடாமல் படித்தது விமானம் செய்யும் போயிங் கம்பெனியைப் பற்றித்தான். ஒரே கம்பெனி இரண்டு வழியிலும் போய்ப் பார்த்திருக்கிறதே!

போயிங்கின் 787 விமானத்துக்கு இறக்கை ஜப்பானில் மிட்சுபிஷி, நடு உடலில் ஒரு பங்கு இத்தாலியில் அலெனியா, பின் உடல் சவுத் கரோலினாவில் வாட், மூக்கு விச்சிடாவில் ஸ்பிரிட். வடிவமைப்பிலும் செலவிலும் அவர்களுக்கே பெரும்பங்கு. வாஷிங்டன் மாநிலத்தில் எவரெட் ஊரிலுள்ள போயிங் ஆலையில் சேர்த்துப் பூட்டினால் போதும் என்பது கணக்கு. பிறகு வந்த 777எக்ஸ் விமானத்துக்கு இறக்கையை எவரெட்டிலேயே செய்ய முடிவெடுத்து, அதற்கென்றே சுமார் 100 கோடி டாலரில் கட்டடம் கட்டினார்கள்.

வெளியே கொடுத்தால் கைமுதல் குறையும். அது தெரிந்ததுதான். என் கணக்கைத் தீர்மானித்தது வேறு: அரைகுறையாக வந்து சேரும் வேலை. ஜாப் ஒர்க் போன பீஸ் ஒரு துளை போடாமல் திரும்பி வந்தால், துளை போட ஐந்து நிமிடம் போதும். எந்த டிராயிங் பார்த்துச் செய்தார்கள், எந்த முகத்தை வைத்து அளந்தார்கள் என்று கண்டுபிடிக்க அரைநாள் போய்விடும்.

787-இல் நடந்ததும் இதுதான், பெரிய அளவில். வயரிங்கும் உள்பாகங்களும் முழுமையாகாத உடல் துண்டுகள் எவரெட்டுக்கு வந்தன. 2007 ஜூலை 8 அன்று ஊரறியக் காட்டிய விமானம் பெரும்பாலும் வெறும் கூடு. பல இடங்களில் தற்காலிக ஃபாஸ்டனர்கள் (பாகங்களைப் பிணைக்கும் ஆணிகள்). அது பறக்க 2009 டிசம்பர் ஆனது. முதல் விமானம் மூன்று வருடத்துக்கு மேல் தாமதமாக, 2011-இல்தான் ஜப்பானிய விமான நிறுவனம் ஏஎன்ஏ கைக்குப் போனது. நடுவில், 2009-இல், வாட்டின் சார்ல்ஸ்டன் ஆலையைப் போயிங்கே விலைக்கு வாங்கிக்கொண்டது.

கவனியுங்கள், சார்ல்ஸ்டன் அமெரிக்காவில்தான் இருக்கிறது. விச்சிடாவும் அப்படியே. 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸில் கதவு அடைப்பு (பயன்படுத்தாத கதவு இடத்தை மூடும் பலகை) பிய்த்துக்கொண்டு போனதே, அந்த உடல் ஸ்பிரிட்டின் விச்சிடா ஆலையிலிருந்து ரிவெட் குறையோடு போயிங்கின் ரென்டன் ஆலைக்கு வந்தது. அதைச் சரிசெய்ய அடைப்பைத் திறந்தார்கள். திறந்ததற்குப் பதிவே இல்லை. நான்கு போல்ட் போடாமல் மூடிவிட்டார்கள். போல்ட்டை விட்டது போயிங்கின் சொந்த ஆலையில். ஆனால் அங்கே திறக்க வேண்டி வந்ததே பாதியில் கைமாறிய வேலையால்தான். ஆக, தரத்தைப் பொறுத்தவரை கடல் கடந்ததா என்பதைவிட, கம்பெனி எல்லை கடந்ததா என்பதே பெரிய கேள்வி. நான் உலோக வேலைக்காரன். காம்போசிட் (கார்பன் நாரும் பிசினும் சேர்ந்த) இறக்கைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

777எக்ஸ் மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டதா? இல்லை. 2020-இல் தருவதாகச் சொன்னது 2025 முடிந்தும் வரவில்லை. ஆனால் என்ஜினும் சான்றளிப்பும் இழுத்த அளவுக்கு இறக்கை இழுக்கவில்லை.

வேலைவாய்ப்பில் மட்டும் கடல் கடப்பது நிஜமாகவே வலிக்கும். 2008-இல் போயிங்கின் சுமார் 27,000 தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெளியே கொடுப்பது அதில் முக்கியப் பிரச்சினை. அப்புறம் 777எக்ஸ் இறக்கை வாஷிங்டன் மாநிலத்தில் தங்கியதும் சும்மா இல்லை. அதற்காகப் பழைய பென்ஷன் திட்டத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 2014 ஜனவரியில் தொழிற்சங்க வாக்கெடுப்புக்கு வந்தது. சுமார் 51 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள்.