வீட்டில் ஆளா, ஹோமா?

சென்னையில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வழி தேடும் குடும்பம் முதலில் கேட்பது "மாசம் எவ்வளவு?" என்றுதான். ராத்திரி பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கைபிடித்தால் நடந்து போய்வரக்கூடியவருக்கு டயப்பர் மாட்டிவிட்டால், விளம்பரத்தில் 'நபர்மையப் பராமரிப்பு' (அந்தந்த மனிதரின் பழக்கத்துக்கும் விருப்பத்துக்கும் ஏற்பப் பார்த்துக்கொள்வது) என்று போட்டிருந்தாலும், வசதி என்னவோ பார்த்துக்கொள்கிறவருக்குத்தான்.

வீட்டில் ஆள் வைப்பதே நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். பழகிய கட்டில், சாமி அலமாரி, கேட்ட நேரத்துக்குக் காபி, எல்லாம் சரி. ஆனால் ஏஜென்சி அனுப்பும் அட்டெண்டர் நிலையாக இருப்பதில்லை. மாம்பலத்தில் எங்கள் பெரியம்மாவுக்கு இடது காதுதான் கேட்கும், சட்னியில் காரம் ஆகாது என்று ஒவ்வொரு புது ஆளிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பெரியம்மாவோ சொல்லிச் சலித்து, கொடுத்ததைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். மறதிநோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் கொடுமை. புது முகம் என்றாலே மிரளுவார்கள்.

ஹோமில், அதாவது முதியோர் இல்லத்தில், குறை வேறு மாதிரி. ஏழு மணிக்கு இட்லி, எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். கடைசி ஓவர் வரை மேட்ச் பார்க்கிற தாத்தாவுக்கு அது ஜெயில். இருந்தாலும், ஊழியர்கள் பல வருடமாக மாறாமல் இருக்கிற, சேர்க்கும்போதே பிரஷர், ஷுகரோடு தூங்கும் நேரம், பழைய வேலை, பிடித்த பாட்டு எல்லாம் விசாரிக்கிற ஹோம் கிடைத்தால், ஆள் மாறிக்கொண்டே இருக்கும் வீட்டைவிட நான் அதைத்தான் சொல்வேன். நோயைவிட மனிதரை முதலில் பாருங்கள் என்று மறதிநோய்ப் பராமரிப்பில் பிரிட்டன் உளவியலாளர் டாம் கிட்வுட் வலியுறுத்தியதும் இதைத்தான்.

அரசுப் பக்கம், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், ஷுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, பிசியோதெரபியும் உண்டு. கொண்டுவரும் தன்னார்வலர் பெரும்பாலும் அதே பகுதிப் பெண் என்பதால் பெரியவர்களை அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள இது உதவாது. கிண்டியில் 2024-இல் திறந்த 200 படுக்கை முதியோர் மருத்துவமனையும் சிகிச்சைக்குத்தான்.

ஏஜென்சி என்றால், ஆளை மாற்றும்போது பழையவரும் புதியவரும் ஒருநாளாவது சேர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஹோம் என்றால், சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் உள்ளே விட மறுத்தால், வேறு ஹோம் பார்க்கலாம்.