குரோம் டிப், விசில், டிபி கில்லர்: சத்தத்தை மாற்றுவது எது?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் அலங்காரச் சாமான் விற்கும் கடைகளில் எக்ஸாஸ்ட் டிப் கேட்டால் விதவிதமாக எடுத்துப் போடுவார்கள். "இதைப் போட்டா பேஸ் ஏறும் சார்" என்ற உத்தரவாதமும் இலவசம். புகை வெளியேறும் டெயில் பைப்பின் நுனியில் மாட்டும் ஒரு சாண் குழாய் அப்படி என்ன செய்துவிடும்? புகை போகிற வழியைக் குறுக்கினால் சத்தம் மாறும், சத்தத்தை உறிஞ்சினாலும் மாறும். இரண்டும் செய்யாத டிப் வண்டிக்குப் போட்ட நகை, அவ்வளவுதான்.

அதிகம் விற்பது அந்த நகைதான்: சாதா குரோம் டிப். நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நொடிக்கு 100 வெடிப்புகள். மூன்று சிலிண்டர் என்றால் 75. பேஸ் என்று நாம் சொல்லும் கனத்த ஒலி இந்த எண்ணை ஒட்டித்தான் பிறக்கிறது. நொடிக்கு 100 அதிர்வு, அதாவது 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் வெளிக்காற்றில் சுமார் 3.4 மீட்டர், சூடான புகைக்குள் அதைவிடவும் நீளம். அதற்கு முன்னால் 15 சென்டிமீட்டர் டிப் எம்மாத்திரம்? அத்தனை சின்னக் குழாயால் கைவைக்க முடிவது பல நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலிகளில்தான். கம்பெனி சைலன்சர் அவற்றில் பெரும்பகுதியை ஏற்கெனவே விழுங்கியிருக்கும்.

"போட்ட அன்னிக்கே வித்தியாசம் தெரிஞ்சுதே" என்பவர்கள் முழுக்கக் கற்பனை செய்யவில்லை. பல ஹேட்ச்பேக்குகளில் டெயில் பைப் பம்பருக்கு அடியில் தரையைப் பார்த்து வளைந்திருக்கும். நேரான டிப் மாட்டியதும் சன்னமான ஒலிகள் பின்னால் நிற்பவர் காதை நோக்கித் திரும்புகின்றன. கிளாம்ப் தளர்ந்து தகரம் அதிர்கிற சத்தத்தையும் சிலர் 'ஸ்போர்ட்டி' கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஒரே அடுக்குத் தகட்டு டிப்போடு பார்த்தால், இரண்டு அடுக்கு உள்ள இரட்டைச் சுவர் டிப்பில் இந்தத் தகர ஒலி குறைவு, பார்வைக்கும் கனமாக இருக்கும். நகைதான் வேண்டுமென்றால் இதையே வாங்கலாம். நீலமும் ஊதாவுமாக மின்னுகிற ரகத்துக்குக் கூடுதல் காசு வேண்டாம். சத்தத்துக்கும் அந்த நிறத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ரெசனேட்டட் டிப் வேறு ஜாதி. உள்குழாயில் வரிசையாகத் துளைகள், அதைச் சுற்றி கண்ணாடி இழைப் பொதி. கரகரப்பான உயர் ஒலிகள் பொதிக்குள் போய் அடங்கும். பேஸ் கூடுவதில்லை; கரகரப்பு குறைவதால் அது தனியாகக் கேட்கிறது. சைலன்சரை மாற்றிவிட்டுக் காது வலிக்கிறது என்று தவிப்பவர்களுக்கு நல்ல தீர்வு. கம்பெனி சைலன்சரோடு ஓடும் சாதுவான காருக்கு இதைப் போட்டால் பணம்தான் சத்தமில்லாமல் போகும்.

அப்புறம் அந்த டர்போ விசில். வண்டியில் டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி, இருக்க வேண்டியதில்லை. அலுமினிய ஊதல் ஒன்றை டெயில் பைப்புக்குள் செருகினால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது புகையின் வேகத்தில் அது கூவும். விலை மலிவு, சத்தத்தில் மாற்றமும் உடனடி. ஆனால் புகை வழியை அடைத்துத்தான் அந்தக் கூவல் வருகிறது. திருகு தளர்ந்தால் குழாய்க்குள்ளேயே கடகடவென உருளும். சின்ன இன்ஜின் காரில் இது எனக்கு எரிச்சலைத் தவிர எதையும் தந்ததில்லை.

வழியைக் குறுக்கி ஒலியைக் குறைக்கிற சாமான் பைக்கில் இருக்கிறது: டிபி கில்லர் (டிபி என்பது ஒலியை அளக்கும் டெசிபல்). தனியாக வாங்கி மாட்டும் சைலன்சர்கள் பலவற்றின் வாயில் ஒரு போல்ட்டில் நிற்கும் சிறு குழாய் அது. 350 சிசி புல்லட்டின் ஒற்றை சிலிண்டர் 3000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 25 முறைதான் வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாக அறைவதால் டிபி கில்லரைக் கழற்றிய புல்லட் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். நுனியில் இருக்கும் பொருளால் சத்தம் எவ்வளவு மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கழற்றி வைத்துக்கொண்டு செக்போஸ்ட் பார்த்ததும் மாட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி ஒலி விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸுக்கும் மூன்று மாதம் தடை.

காரில் நிஜமாகவே பேஸ் வேண்டுமென்றால் சைலன்சரில்தான் கைவைக்க வேண்டும். அதையே வெட்டிவிட்டு நேர்க்குழாய் போடுவது மலிவு வழி. ஊருக்குள் ஜோராகத்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது கேபினுக்குள் எழும் ரீங்காரம் தலைவலியில் கொண்டுபோய் விடும். மேலே சொன்ன சட்டம் இதற்கும் பொருந்தும்.

சரி, டிப்தான் என்று முடிவானால் முதலில் டெயில் பைப்பின் வெளி விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். துருப்பிடிக்காத 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேளுங்கள்; சாதா இரும்பில் குரோம் பூசியது கடற்கரை ஊர்களில் சீக்கிரம் உரியும். டிப்புக்கும் பிளாஸ்டிக் பம்பருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளியாவது இருக்கட்டும், இல்லையென்றால் சூட்டில் பம்பர் இளகும். மாட்டிய பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து லேசாக முறுக்கிப் பார்த்து, தகரம் அதிரவில்லை என்று தெரிந்ததும் காசு கொடுங்கள்.