எந்த பிரேக் பேட், எந்த டிஸ்க்: ஊருக்குள் ஓட்டுபவருக்கும் மலை இறங்குபவருக்கும்

ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வரை இறங்கினால் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,900 மீட்டர். ஆட்களும் சாமானுமாக 1,300 கிலோ எடையுள்ள ஹேட்ச்பேக் அவ்வளவு தூரம் கீழே வரும்போது சுமார் 24 மெகாஜூல் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். அதே கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு முறை முழுதாக நிற்கும்போது பிரேக்குக்குப் போவது அரை மெகாஜூல்தான். ஆக, ஒரு மலை இறக்கம் நெடுஞ்சாலையில் 48 முறை அடித்து நிறுத்துவதற்குச் சமம். இன்ஜினும் எதிர்க்காற்றும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்கிலும், பிரேக் போடும்போது அதை அழுத்திப் பிடிக்கும் பேடிலும் சூடாக ஏறும். பேட் வாங்கும்போது முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்: உங்கள் கார் இந்தச் சூட்டைப் பார்க்கப் போகிறதா, இல்லை சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று போகப் போகிறதா?

கடையில் கிடைக்கும் பேட்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஆர்கானிக் பேட் மலிவு, மெத்து, சத்தம் போடாது, டிஸ்கை அதிகம் தின்னாது. ஊருக்குள் மட்டும் ஓடும் சிறிய காருக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலையில்தான் இதன் பலவீனம் தெரியும். பேடில் உள்ள பொருட்களை ஒட்டிவைத்திருக்கும் பிசின் அளவுக்கு மீறிச் சூடானால் வாயுவைக் கக்கும். அப்போது பேடுக்கும் டிஸ்குக்கும் இடையே பிடிமானம் குறையும். பெடல் கல் மாதிரி இறுகியிருக்கும், ஆனால் வண்டி நிற்காது.

செமி மெட்டாலிக்கில் இரும்புத்தூளும் எஃகு இழையும் கலந்திருக்கும். சூட்டைக் கடத்தும், நீண்ட இறக்கத்திலும் பிடி தளராது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முழுப் பாரத்தோடு அடிக்கடி இறங்குபவர் இதை எடுக்கலாம். கூடவே வருவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்: காலையில் குளிர்ந்திருக்கும்போது முதல் கடி கொஞ்சம் மந்தமாக இருக்கும், கிறீச் சத்தம் வரும், அலாய் வீலில் கறுப்புத் தூள் படியும், டிஸ்க் சீக்கிரம் தேயும்.

செராமிக் பேடைத்தான் இப்போது எல்லாரும் உயர்ந்த ரகமாக நினைக்கிறார்கள். அமைதியும் குறைந்த தூசியும் இதன் உண்மையான சிறப்புகள். நகரத்தில் ஓட்டுபவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுத்தால் அதற்குப் பலன் உண்டு. ஆனால் செராமிக் என்று அட்டையில் எழுதியிருப்பதாலேயே கார் குறைந்த தூரத்தில் நின்றுவிடாது. இந்த வகை பேட் சூட்டைத் தன்வழியே அதிகம் கடத்தாது. ஆகவே அந்தச் சூடும் டிஸ்கின் தலையில்தான் விழும். மலைக்காகவே செராமிக் வாங்குகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மூன்றில் எதை எடுத்தாலும் பேடின் முதுகில் அல்லது விளிம்பில் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். பல பேட்களில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அடுத்தடுத்து இருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது கடுஞ்சூட்டில் எவ்வளவு என்பதையும் காட்டும். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. முதல் எழுத்தைவிட இரண்டாவது எழுத்து ஒரு படி இறங்கியிருந்தால், சூட்டில் அது நழுவும் பேட் என்று அர்த்தம். ஐரோப்பாவின் ஆர்90 விதிப்படி தேறிய பேட் என்றால் இன்னும் நல்லது. காரோடு வந்த பேடின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்கிறது அந்த விதி. கூடவும் கூடாது என்பதைக் கவனியுங்கள். முன்சக்கரத்தில் மட்டும் கடி அதிகமானால் முன்னும் பின்னும் இருக்கும் சமநிலை கெடும். பின்னால் டிரம் பிரேக் உள்ள நம் ஊர்ச் சிறிய கார்களுக்கு இது முக்கியம். அதனால் பெரும்பாலோருக்கு என் பரிந்துரை கம்பெனி பேடுதான். அல்லது சென்னையின் பிரேக்ஸ் இந்தியா, ரானே போல, கார் கம்பெனிகளுக்கே பிரேக் பாகங்கள் செய்து கொடுக்கும் தயாரிப்பாளரின் பேட். கவர் பார்க்க அசல் மாதிரியே இருந்து விலை மட்டும் பாதியாக இருந்தால் தொடவே வேண்டாம்.

டிஸ்க் விஷயத்தில் போட்டி வேறு மாதிரி. ஓட்டை போட்ட டிஸ்க், கீறல் போட்ட டிஸ்க், சாதா டிஸ்க் என்று கேட்டால் சாதா டிஸ்குக்கே என் ஓட்டு. பழைய காலத்துப் பேட்கள் கக்கிய வாயு வெளியேறத்தான் ஓட்டை போட்டார்கள். இன்றைய பேட்களில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஓட்டை போட்டால் சூட்டை வாங்கும் இரும்பு குறைகிறது, ஓட்டையின் விளிம்பிலிருந்து விரிசலும் கிளம்புகிறது. கீறல் டிஸ்க் மழைநீரையும் தூளையும் வழித்துவிடும், பேடையும் சேர்த்துச் சீவும். ரேஸ் தளத்தில் அதற்கு வேலை உண்டு, சாலையில் தேவையில்லை.

நிஜமான கேள்வி, பழைய டிஸ்கை லேத்தில் சீவுவதா, புதிது போடுவதா என்பது. டிஸ்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். பல சிறிய கார்களில் புது டிஸ்குக்கும் அந்த எல்லைக்கும் இடையே 2 மி.மீ. தான் இருக்கும். ஓடித் தேய்ந்ததும் போக, சீவினால் மிஞ்சுவது சொற்பம். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் கொதிக்கும். அளந்து பார்த்து, சீவிய பிறகும் எல்லைக்கு மேல் நல்ல இடைவெளி இருந்தால் சீவலாம். இல்லையென்றால் புது ஜோடிதான். ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது.

எண்பதில் பிரேக் போட்டால் ஸ்டியரிங் உதறுகிறது, டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை. டிஸ்க் மாட்டும் மையப் பகுதியான ஹப்பில் படிந்த துருவால் டிஸ்க் மயிரிழை சாய்ந்து உட்கார்கிறது. சுற்றச் சுற்ற ஒரு பகுதி மட்டும் தேய்கிறது. தடிமனில் மி.மீ.யில் 50-இல் ஒரு பங்கு வித்தியாசம் வந்தாலே உதறல் காலுக்குத் தெரியும். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காமல் புது டிஸ்கை மாட்டினால் கொஞ்ச நாளில் அதே உதறல் திரும்ப வரும். கடற்கரை ஊர்களில் துரு ஏறும் வேகத்துக்கு இந்த ஐந்து நிமிட வேலையை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்குக்கு மிச்சம் பிடித்த பணத்தை பிரேக் ஆயிலில் போடுங்கள். டாட் 3, டாட் 4 என்பவை அதன் தர வகைகள். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் குடித்த பிறகு அந்த அளவு 140. டாட் 4-க்கு இவை 230-ம் 155-ம். ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சாகித் தரைக்கே போய்விடும். பேட் சூடானால் பெடல் இறுகும், ஆயில் கொதித்தால் பெடல் தொங்கும்: எது பிரச்சினை என்று இதைவைத்தே கண்டுபிடித்துவிடலாம். உங்கள் காரின் கையேடு டாட் 4-ஐ அனுமதித்தால் அதையே ஊற்றி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

புது பேட் மாட்டிய அன்றே மலைக்குக் கிளம்பாதீர்கள். காலியான சாலையில் அறுபதிலிருந்து இருபதுக்கு நிதானமாகக் குறைத்து, கொஞ்சம் ஓடி ஆறவிட்டு, மறுபடி குறையுங்கள். எட்டுப் பத்து முறை இப்படிச் செய்தால் பேடின் மெல்லிய படலம் டிஸ்க் முழுக்கச் சீராகப் படியும். நடுவில் முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். சூடான பேட் அந்த ஒரே இடத்தில் தடிப்பாக ஒட்டிக்கொள்ளும்.