ஃபிஷரா, ரைட்டா: எதை முதலில் படிப்பது?

ஹட்டனில் உயர்தர உயிரியலை முடித்த பிள்ளைகள் கூர்ப்பின் (பரிணாமத்தின்) மூலநூல்களைக் கேட்டால், அதைக் கணிதத்தில் வடித்த ரொனால்ட் ஃபிஷர், சுவால் ரைட் என்ற இருவரில் நான் ரைட்டைத்தான் முதலில் நீட்டுவேன்.

ஃபிஷரின் 1930ஆம் ஆண்டு நூல் கூர்மையானது. அதன் சுருக்கமோ வாசகரை வதைப்பது. இயற்கைத் தேர்வால் தகுதி (பிழைத்துச் சந்ததி விடும் திறன்) உயரும் வேகம், அத்தகுதியில் உள்ள பிறப்புரிமை (மரபணு சார்ந்த) மாறுபாட்டுக்குச் சமம் என்ற அதன் தேற்றத்தின் பொருள் குறித்துப் பல பத்தாண்டுகள் சர்ச்சை நீடித்தது. கடைசி ஐந்து அத்தியாயங்கள் மனித சமூகத்தையும் இனமேம்பாட்டையும் பற்றியவை. எனக்கு அவை கசப்பு.

ரைட்டின் 1931 கட்டுரையும் கணிதம் நிறைந்ததுதான். ஆனால் சிறு கூட்டங்களாகச் சிதறிய இனத்தில் தற்செயலும் பரம்பரை அலகுகளின் (மரபணுக்களின்) விகிதத்தை மாற்றும் என்பதற்கு அவர் தரும் இடம் பெரிது. பெரிய கூட்டத்தையும் தேர்வையுமே நம்பிய ஃபிஷர் அதை ஏற்கவில்லை. மலையகத்தில் கண்ணெதிரே உதாரணம் இருக்கிறது: ஹோர்ட்டன் சமவெளி ஓணானின் மூக்கில் கூரிய கொம்பு, நக்கிள்ஸ் ஓணானுக்கோ இலைபோல் தட்டையானது. தற்செயலா, தேர்வா? மூக்கைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கணிதம் பயமென்றால் ரைட்டின் 1932 கட்டுரை போதும். தகுதியின் ஏற்றத்தாழ்வைச் சிகரமும் பள்ளமுமாக வரைந்த படங்களே அங்கு பேசுகின்றன.