வொய்ஸா, மெசேஜா, வீடியோவா: மலையகத்திலிருந்து ஓர் ஆன்லைன் பயிற்சியாளரின் அலசல்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில் இருந்துகொண்டு வாட்ஸ்அப் வழியாக உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அக்காமார், பாடசாலை ஆசிரியர்கள், கொழும்பில் கடைகளில் நிற்கும் தோட்டத்துத் தம்பிமார், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருப்பவர்கள் என்று பலரும் என்னிடம் பயிற்சி எடுக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, வொய்ஸ் அனுப்புவது நல்லதா, டைப் பண்ணுவது நல்லதா, இல்லை வீடியோ கால் எடுப்பதா என்றுதான்.

என் பதில், யார் யாருக்கு அனுப்புகிறார்கள் என்று பாருங்கள் என்பது. பயிற்சி எடுப்பவர் எனக்குப் பேசி அனுப்ப வேண்டும். நான் அவருக்குப் பெரும்பாலும் எழுதி அனுப்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வழி என்று வைத்துக்கொண்டபோதுதான் நான் அதிகம் தவறு செய்தேன்.

முதலில் அவர்கள் பக்கம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை என்று இருக்கிறது. சரி, மிதமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் இதயத் துடிப்பைப் பார்க்கலாம். இல்லாதவருக்குப் பழைய பேச்சுச் சோதனை இருக்கிறது. மிதமான பயிற்சியின்போது பேச முடியும், பாட முடியாது. கடுமையான பயிற்சியில் நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். ஆகவே, "செட் முடிந்த உடனே, உட்காருவதற்கு முன்னால் ஒரு வொய்ஸ் போடுங்கள்" என்று கேட்கிறேன். செட் என்பது ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று. அந்தப் பத்து விநாடியில் எனக்கு வேண்டியது கிடைத்துவிடும். "நல்லா இருக்கு தம்பி" என்று எழுதி அனுப்பும் அக்கா உண்மையில் திணறிக்கொண்டிருக்கலாம். அதையே பேசி அனுப்பினால், நல்லாவுக்கும் இருக்குக்கும் நடுவில் மூச்சு வாங்குவது கேட்கும். அடுத்த நாள் பயிற்சியைக் குறைத்துவிடுவேன்.

2021இல் வாட்ஸ்அப்பில் 1.5 மடங்கு, 2 மடங்கு வேகத்தில் வொய்ஸ் கேட்கும் வசதி வந்தது. நேரம் மிச்சம்தான். ஆனால் பயிற்சி எடுப்பவரின் வொய்ஸை நான் வேகமாக ஓட்டிக் கேட்பதே இல்லை. வேகத்தைக் கூட்டினால் வார்த்தை புரியும். மூச்சும் தயக்கமும் நசுங்கிவிடும். நான் கேட்க உட்காருவதே அதற்காகத்தானே.

எழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள். அதில் வலியும் வழியும் ஒரே மாதிரி வந்து நிற்கும். ஒரு தம்பி அப்படி அனுப்பியதை "வலி இல்லை" என்று படித்துவிட்டு, முழங்காலுக்கு அடுத்த கட்டப் பயிற்சியைக் கொடுத்தேன். அவர் சொன்னது, இன்றைக்குச் செய்ய "வழி இல்லை" என்று. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் மழையும் இருக்கிறது. ஈர விரலுக்கு டச் ஸ்கிரீன் ஒழுங்காக வேலை செய்யாது. நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துக் காய்த்துப்போன விரலால் சின்ன எழுத்துகளைத் தேடித் தேடி அழுத்தச் சொல்வதும் நியாயமில்லை. வொய்ஸ் என்றால் ஒரு கட்டைவிரல் போதும். நிமிடத்துக்கு அரை எம்பி டேட்டாகூடப் போகாது. சிக்னல் இல்லாத மலையில் பேசி வைத்தால், சிக்னல் இருக்கும் பக்கம் இறங்கும்போது தானாகவே போய்ச் சேரும்.

இனி என் பக்கம். ஆரம்பத்தில் நானும் எல்லாவற்றையும் பேசித்தான் அனுப்பினேன். ஓர் அக்காவுக்கு ஸ்குவாட், அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சி கொடுத்தபோது "மூணு பத்து" என்றேன், மூன்று செட், செட்டுக்குப் பத்து என்ற அர்த்தத்தில். பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்த வீட்டில் அது "முப்பது" என்று கேட்டிருக்கிறது. நிறுத்தாமல் முப்பதும் செய்துவிட்டார். மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு மலை ஏற முடியாமல், அன்று அவருக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்தது. நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு என் ஒரு வார்த்தையால் வந்த நட்டம் அது. அன்றிலிருந்து, வாசிக்கக்கூடியவர்களுக்கு எண் எதையும் நான் வாயால் சொல்வதில்லை. செட், தடவை, ஓய்வு விநாடி, எடை எல்லாம் எழுத்தில்தான், அதுவும் வரிக்கு ஒன்றாக. போன வாரம் என்ன செய்தோம் என்று தேடிப் பார்க்கவும் எழுத்துதான் உதவும். இருபது வொய்ஸுக்குள் ஒரு எண்ணைத் தேடுவது யாராலும் முடியாத காரியம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவும் (அறை) ஓர் இஸ்தோப்பும் (முன் திண்ணை) என்றால், போனில் வருகிற வொய்ஸ் வீட்டுக்கே கேட்கும், சில நேரம் பக்கத்து வீட்டுக்கும். ஒரு தங்கச்சியின் எடை எத்தனை கிலோ என்று என் வொய்ஸ் ஸ்பீக்கரில் சொல்ல, மாமியாரும் கொழுந்தனும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை இரண்டு வாரம் எனக்குப் பதிலே போடவில்லை. எடை, இடுப்பளவு, மாதவிலக்கு, மருந்து, சீனி வருத்தம் (சர்க்கரை நோய்) இவை எதையும் இப்போது பேசி அனுப்புவதில்லை. போனைக் காதில் வைத்தால் வாட்ஸ்அப் வொய்ஸ் காதுக்குள் மட்டும் கேட்கும் என்பதையும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறேன். பலருக்கு அது தெரியாது.

அப்படியென்றால் என் குரலுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, இரண்டு இடத்தில். ஒன்று, உடம்பை எப்படி வைப்பது என்று சொல்லும்போது. "இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகு வளையாமல் குனியவும்" என்று எழுதினால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். "அக்கா, பின்னுக்கு ஒரு ஸ்டூல் இருக்கு, அதுல மெதுவாஆஆ உட்காரப் போறீங்க" என்று இழுத்துச் சொன்னால், எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்பதும் அந்த இழுப்பிலேயே போய்விடும். கழுத்து வலிக்குக் கொடுக்கும் பயிற்சியில், "கூடைக் கயிறு தலையில இருக்கிற மாதிரி நினைச்சு மோவாயை உள்ள இழுங்க" என்பேன். உடனே பிடித்துக்கொள்வார்கள். இரண்டாவது, வாசிக்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கு. அவர்களுக்கு எண்ணையும் பேசியே அனுப்ப வேண்டியிருக்கும்போது, "பத்து செய்யுங்க. உட்காருங்க. திரும்பப் பத்து" என்று பிரித்துச் சொல்கிறேன். ஒரு வொய்ஸ் ஒரு நிமிடத்தைத் தாண்டாது, அதில் ஒரு விஷயத்துக்கு மேல் இருக்காது. ஐந்து நிமிட வொய்ஸை யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

வீடியோ கால் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலைக்கு இந்தப் பக்கம் சிக்னல் இருந்தால் அந்தப் பக்கம் இருக்காது. படம் உறைந்து நிற்கும்போது முதுகு வளைந்ததா என்று பார்க்க முடியாது. கை கால் நீட்ட இடமுள்ள வீடும், கதவைச் சாத்திக்கொள்ளும் வசதியும் எல்லோருக்கும் இல்லை. குவைத்தில் இருப்பவர்களுக்கு நேரமும் ஒத்துவராது. அதற்குப் பதிலாகப் பதினைந்து விநாடி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வது நல்லது. பக்கவாட்டிலிருந்து, இடுப்பு உயரத்தில் போனைச் சாய்த்து வைத்து, மூன்று தடவை செய்தால் போதும். முகம் தெரியத் தேவையில்லை என்று சொல்லிவிட்டால் பெண்கள் தயங்காமல் அனுப்புகிறார்கள். முதுகையும் முழங்காலையும் பார்த்துத் திருத்த இதை விட்டால் வேறு வழி இல்லை. வொய்ஸ் இந்த இடத்தில் தோற்றுவிடும். தன் முதுகு நேராக இருக்கிறது என்றுதான் எல்லோரும் மனப்பூர்வமாக நம்பிச் சொல்வார்கள்.

நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், கை கால் மரத்துப்போவது என்றால் வொய்ஸும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். பயிற்சியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்கு அப்புறம் சொன்னால் போதும்.

புதிதாகச் சேர்பவருக்கு இப்போது நான் படிவம் அனுப்புவதில்லை. எழுந்ததிலிருந்து படுக்கும்வரை ஒரு நாளை அப்படியே பேசி அனுப்புங்கள் என்கிறேன். போன மாதம் சேர்ந்த அக்கா ஒருவர், விடிய நாலு மணிக்கு எழும்பி, தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை அனுப்பி, பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்) போவதுவரை சொல்லிவிட்டு, அந்த இடத்தில் பெருமூச்சு ஒன்று விட்டார். அவருக்குக் காலைப் பயிற்சி என்று நான் போட்டு வைத்திருந்த அட்டவணையை எடுத்துவிட்டேன். பின்னேரம் குளித்துவிட்டுத் தேத்தண்ணி குடிப்பதற்கு முன்னால் பத்து நிமிடம், கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும் என்று மாற்றி எழுதி அனுப்பினேன்.