எச்.ஐ.வி. மாத்திரையை எங்கே எடுப்பது: பக்கத்து கிளினிக்கிலா, கொழும்பிலா?

தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வைத்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் அதிகம் பயப்படுவது, கிளினிக் வாசலில் தோட்டத்து ஆள் யாராவது எதிர்ப்பட்டுவிடுவாரோ என்றுதான். அதற்காகவே பக்கத்திலிருக்கும் நுவரெலியா, பதுளை கிளினிக்குகளைத் தாண்டி, கொழும்பு டி சேரம் பிளேஸிலுள்ள மத்திய கிளினிக்குக்கு பஸ் ஏறுகிறார்கள். இரண்டு வழியையும் பார்த்தபின் நாங்கள் பக்கத்து கிளினிக் பக்கமே சாய்ந்துவிட்டோம்.

மருந்து இரண்டு இடத்திலும் இலவசம். வழக்கமாகக் கிடைப்பதும் ஒன்றே: டெனோஃபோவிர், லமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. மறைவு என்று பார்த்தால் கொழும்புக்குத்தான் மார்க் அதிகம். அதற்கு விலை, போய்வர ஒரு நாள் பேர், அதாவது அன்றைய தோட்டச் சம்பளம். நோயாளிக்குத் தெம்பில்லாவிட்டால் துணைக்குப் போகிறவரின் பேரும் சேர்ந்து போகும். மண் சரிந்தால் போகவே முடியாது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தின் ரோட்டையும் ரயில் பாதையையும் அடைத்ததை எல்லாரும் பார்த்தோம். எங்கே எடுத்தாலும், கையில் 14 நாள் மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த போத்தலை வாங்கிவிடுங்கள்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பஸ் செலவல்ல, காசநோய். ஈரமும் அடுப்புப் புகையும் நிறைந்த, ஜன்னல் திறக்காத காம்பராவில் (லயத்து அறையில்) நாலைந்து பேர் படுக்கும்போது இருமல் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்றே தெரியாது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு இருமல், இரவு வியர்வை, காய்ச்சல், மெலிவு இதில் எது வந்தாலும் இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்காமல் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும். காசநோய் என்று உறுதியானால் பக்கத்து மார்புநோய் கிளினிக்கில் மருந்து தொடங்குவார்கள். குறைந்தது ஆறு மாதம். அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், உடம்பிலுள்ள டோலுடெகிராவிரின் அளவைக் குறைத்துவிடும். ஈடுகட்ட, வழக்கமான மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து 50 மில்லிகிராம் டோலுடெகிராவிர் தனியாக ஒன்று போட வேண்டும். ரிஃபாம்பிசின் நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் அது தொடர வேண்டும். எச்.ஐ.வி. மருந்தைக் கொழும்பில் ரகசியமாக எடுப்பவர் மார்புநோய் கிளினிக்கில் வாய் திறக்கமாட்டார். இரண்டு டாக்டரும் தங்கள் மருந்தைச் சரியாகவே கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த இரண்டாவது மாத்திரையை எழுதித்தர ஆளிருக்காது. வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ள இது போதும். பக்கத்து கிளினிக் என்றால் இரண்டு இடமும் ஒரு ஃபோனில் பேசிக்கொள்ளும்.

தோட்டத்து டிஸ்பென்சரி தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் இதே கதைதான். இரும்பு, கல்சியம், அலுமினியமோ மக்னீசியமோ உள்ள வயிற்றெரிச்சல் மருந்து எல்லாம் டோலுடெகிராவிரைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாது. எச்.ஐ.வி. மாத்திரையை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். பகல் சோற்றோடு இரும்பு, இரவு 8 மணிக்கு எச்.ஐ.வி. மாத்திரை என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டாகப் போடக் கூடாது.

போத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். குலுங்கும் சத்தம் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும் என்று மாத்திரையைப் பொலித்தீன் பையில் கொட்டிவைப்பவர்கள் நிறையப் பேர். மலைக் குளிரில் அது ஈரம் உறிஞ்சிவிடும். போத்தலுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொதியை எறியாமல், மேலே கொஞ்சம் பஞ்சை வைத்து மூடினால் சத்தம் வராது. லேபலைக் கிழிக்காதீர்கள், அவசரத்துக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அதைப் பார்த்துத்தான் என்ன மருந்து என்று தெரிந்துகொள்வார்கள். வைப்பதும் அடுப்புக்கு மேல் பரணில் வேண்டாம்.

மற்ற வீட்டுப் பராமரிப்பு எங்கே மருந்தெடுத்தாலும் ஒன்றே. தட்டு, பீலி (தண்ணீர்க் குழாய்), கக்கூஸ் எதையும் பிரிக்கத் தேவையில்லை. இரத்தம் சிந்தினால் கையுறை போட்டுத் துணியால் ஒற்றியெடுத்து, 5 சதவீத பிளீச்சில் ஒரு கோப்பைக்கு ஒன்பது கோப்பை தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். கலவையை அன்றன்றே கரைக்க வேண்டும். நேற்றையது வேலை செய்யாது.

கொழும்பிலேயே வேலை செய்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் தோட்டத்துக்கு வருபவர் அங்கேயே எடுப்பதுதான் சரி. ஹட்டன், நாவலப்பிட்டிப் பக்கத்தவர் நுவரெலியாவில் முகம் தெரியும் என்று தயங்கினால் கண்டி ஒரு நடுவழி. பிள்ளைகளுக்கான மருந்தில் எங்கள் அனுபவம் குறைவு. அளவு எடையைப் பொறுத்து மாறுவதால், எங்கே எடுப்பது என்பதை அவர்களைப் பார்க்கும் டாக்டரோடு பேசியே முடிவுசெய்யுங்கள்.

கிளினிக் மாற நினைத்தால் பழைய இடத்தில் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். எந்த மருந்து, எப்போது தொடங்கியது, கடைசி வைரஸ் அளவு, சி.டி.4 (நோய் எதிர்ப்புச் செல்) எண்ணிக்கை, காசநோய் தடுப்பு மருந்து எடுத்தாரா இல்லையா என்று எழுதிய கடிதம் கேளுங்கள். புதிய இடத்தில் முதல் போத்தல் கைக்கு வரும்வரை பழைய கிளினிக்கின் அட்டையும் பத்திரமாக இருக்கட்டும்.