சிகிச்சை முடிந்த முதியவருக்கு ஃபிட்னஸ் பேண்ட் பயன்படுமா?

பெருங்குடல் புற்றுநோய்க்கான கீமோதெரபியை முடித்து வீடு திரும்பிய, எழுபது வயதைக் கடந்த என் தந்தைக்காக வாங்கிய ஃபிட்னஸ் பேண்டைப் பற்றிய மதிப்பீடு இது.

முதல் குறை எண்ணிக்கையில் இருக்கிறது. மணிக்கட்டில் கட்டும் பேண்ட் கைவீச்சைக் கொண்டே காலடிகளைக் கணிக்கிறது. நடைக்குத் துணையான வாக்கரைப் பிடித்திருக்கும் கை வீசுவதில்லை என்பதால், அப்பா மூச்சு வாங்க நடந்த நடையில் பெரும்பகுதி கணக்கில் ஏறவே இல்லை. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி கணுக்காலில் கட்டியதும் எண்ணிக்கை சீரானது, ஆனால் இதயத் துடிப்பு அளவீடு தாறுமாறாகியது. அதை நான் இழப்பாகக் கருதவில்லை. இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்பவருக்குத் துடிப்பு எளிதில் உயராது என்பதால், நடையின் கடுமையை அறிய, நடந்துகொண்டே பேச முடிகிறதா என்று பார்ப்பதே மேல்.

பேண்டில் முன்கூட்டியே பதிந்திருக்கும் 10,000 காலடி இலக்கை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவிய எண்ணே தவிர, மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. முதல் வாரச் சராசரியை அடிப்படையாகக் கொண்டு சிறிது சிறிதாக உயர்த்தினோம்.

இவற்றைவிடப் பெரிய குறை, தசைப் பயிற்சியை இக்கருவி கண்டுகொள்ளாதது. புற்றுநோயிலிருந்து மீள்வோருக்காக 2019-இல் வெளியான பன்னாட்டு நிபுணர் குழுவின் பரிந்துரை, வாரம் 3 முறை 30 நிமிட மிதமான நடை போன்ற பயிற்சியுடன், வாரம் 2 முறை தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் சேர்த்தே சொல்கிறது. படுக்கையில் கிடந்த நாட்களில் முதியவர்களின் தொடைத் தசை விரைவாகக் கரைந்துவிடுவதால், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமரும் பயிற்சி நடையைப் போலவே அவசியமானது. அதைத் தவறாமல் செய்து முடித்த நாளிலும் திரை அவரைச் சோம்பேறியாகவே காட்டியது. கடைசியில் அதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம்.

வாராந்தர வரைபடம் மட்டும் விலைக்குத் தகுந்த பயனைத் தந்தது. எப்போது கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லும் அப்பாவைவிட அது நேர்மையானது. ஒரு வாரம் காலடிகள் சட்டென்று சரிந்ததைக் காட்டியபோது மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார், ஹீமோகுளோபின் குறைந்திருந்தது.

ஆக்சாலிபிளாட்டின் போன்ற கீமோதெரபி மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போனவர்களுக்குச் சிறு கொக்கியை மாட்டுவதும் தொடுதிரையைத் தள்ளுவதும் பெரும்பாடு. ஆகவே ஒட்டுப்பட்டையும் பெரிய எழுத்துகளும் உள்ள எளிய மாடலே போதும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டவர்கள், அந்தப் பக்கத்துக் கையில் இதை இறுக்கிக் கட்டாமல் மறு கையில் அணிய வேண்டும்.